கடைசியாகப் போக வேண்டிய குடில்

நாகவேணியிடம் நான்கு பசுமைக்குடில்கள் இருந்தன. ஒன்றை அவரே தீ வைத்து எரித்தார்.

தளி ஊருக்குத் தெற்கே, செம்மண் மேட்டில், பிளாஸ்டிக் கூரையும் வலைச் சுவரும் போட்ட குடில்கள். மூன்றில் ஜெர்பரா பூத்தது. எரிந்த நான்காவதின் இரும்புக் கால்கள் மட்டும் மேட்டின் ஓரத்தில் நின்றன. ஏன் எரித்தீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எவருக்கும் அவர் பதில் சொன்னதில்லை.

அவருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்த திம்மராயனுக்கு ஐம்பத்தெட்டு. குரு சீடரை 'அண்ணா' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

திம்மராயன் இருபத்தாறு வருடம் பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தவர். விற்பதோடு நிற்கமாட்டார். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, வாங்கியவரின் தோட்டத்துக்கே போய் அடித்துக் காட்டுவார். ஒருநாள் காலை, ரசத்தில் வாசனையே இல்லை என்று மனைவியிடம் சண்டை போட்டார். மனைவி பெருங்காய டப்பாவை அவர் மூக்கருகே நீட்டினார். அதிலும் வாசனை இல்லை. அன்றோடு கடையை விட்டார். இனி தெளிப்பானைத் தொடுவதில்லை என்ற முடிவோடு நாகவேணியிடம் வந்தார்.

"ஜெர்பராவுக்கு வாசனை கிடையாது" என்றார் நாகவேணி, முதல் நாள்.

"எனக்கும் கிடையாது மேடம். ஒத்துப்போகும்."

ஒரு வருடம் பாத்தி வெட்டினார், மொட்டு எடுத்தார், தண்ணீர் விட்டார். பிறகு இரண்டாவது குடிலை நாகவேணி அவர் பொறுப்பில் விட்டார். அவர் அதை "என் குடில்" என்று சொல்லத் தொடங்கிய மூன்றாவது மாதம், அதில் சிலந்திப் பேன் விழுந்தது.

இலையின் மேல்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள். அடிப்புறம் தூசி படிந்ததுபோல் மெல்லிய நூலாம்படை. வாசலை ஒட்டிய பாத்தியில்தான் முதலில் தெரிந்தது.

திம்மராயன் ஓடி வந்தார்.

"மேடம், பேன் வந்துடுச்சு. எப்படி ஒழிக்கறது?"

நாகவேணி எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார். இலையைத் தாளின் மேல் பிடித்து இரண்டு தட்டு தட்டினார். மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் சில புள்ளிகள் விழுந்தன. கழுத்தில் கயிற்றில் தொங்கிய லென்ஸைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

"என்ன தெரியுது?"

"நகருது."

"எல்லாம் ஒரே மாதிரி நகருதா?"

திம்மராயன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இல்ல. நிறைய பேர் மெதுவா நகர்றாங்க. முதுகுல ரெண்டு கறுப்புப் பொட்டு இருக்கு. ஒருத்தன் மட்டும் ஓடறான். அவனுக்குப் பொட்டு இல்ல. கொஞ்சம் ஆரஞ்சு நிறம்."

"மெதுவா நகர்றது இலையைத் தின்னும். ஓடறது அதைத் தின்னும்."

"அவனும் பேன்தானா?"

"அவனும் பேன்தான். வேட்டைப் பேன்."

திம்மராயனின் முகம் மாறியது. இருபத்தாறு வருடம் அவர் இரண்டையும் சேர்த்தே கொன்றிருக்கிறார்.

மூன்றாவது குடிலில் வேட்டைப் பேன்கள் நான்கு வருடமாகக் குடியிருந்தன. அங்கே மருந்து வாடைகூடப் பட்டதில்லை. அந்தக் குடிலின் இலைகளைப் பறித்துக் கொண்டுவந்து இரண்டாவது குடிலில் வைக்கச் சொன்னார் நாகவேணி. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, பையில் போட்டு, வாயைக் கட்டி வெயிலில் வைக்கச் சொன்னார். வெயில் ஏறும்போது நடைபாதையை நனைக்கச் சொன்னார். பேனுக்கு ஈரம் ஆகாது.

பிறகு ஒன்று சொன்னார்.

"காலையில முதல்ல ஒண்ணாவது குடில். அப்புறம் மூணு. கடைசியாத்தான் ரெண்டு. போய்ட்டு வந்து குளிச்சு, துணி மாத்திடுங்க. ரெண்டுலேர்ந்து வேற எங்கயும் போகாதீங்க."

"ரெண்டுதானே மேடம் சீக்காக் கிடக்குது?"

"அதனாலதான்."

திம்மராயன் தலையாட்டினார்.

மலர் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் நான்கு நாள் கழித்து ஜீப்பில் வந்தார். பெயர் சம்பங்கி. அந்தப் பக்கத்தில் ஆண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. கரும்பச்சை சஃபாரி சட்டை, கையில் ஒரு பெரிய நோட்டு. சங்கத்தின் குளிர்வண்டி தினமும் காலையில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பூ எடுத்து பெங்களூர் சந்தைக்குக் கொண்டுபோகும். எந்த வாசலில் நிற்க வேண்டும், எதில் நிற்க வேண்டாம் என்பதைச் சொல்வது அவர்தான்.

வாசலில் நாகவேணி ஒரு வெள்ளைக் கோட்டை நீட்டினார்.

"இதைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க சார்."

"எனக்கேவா? நான் என்ன ஆபரேஷன் பண்ணவா வந்திருக்கேன்?"

"அப்ப ரெண்டாவது குடிலுக்கு மட்டும் போங்க. மத்த ரெண்டுக்கும் வேண்டாம்."

சம்பங்கி சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பாத்திகளுக்கு நடுவில் நடந்தார். இலைகளைத் தூக்கிப் பார்த்தார். வெளியே வந்ததும் சிரிப்பு இல்லை.

"என்னம்மா இது? கூடு கட்டி வெச்சிருக்கு. இன்னும் மருந்து அடிக்கல?"

"அடிக்கறதில்ல சார்."

"மத்த பதினாலு தோட்டத்துலயும் அடிச்சாச்சு. பாக்கி நீங்க ஒருத்தர்தான். போன மாசம் மூணு தோட்டத்துலதான் இருந்துச்சு. இந்த மாசம் பதினாலுலயும் இருக்கு. நான் ஒவ்வொரு தோட்டமா என் கண்ணால பாத்துட்டு வர்றேன். இவ்வளவு வேகமா நான் பாத்ததே இல்ல."

"அடிச்சப்புறமும் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் மூணாவது ரவுண்டு. புது மருந்து. எல்லாரும் சேர்ந்து அடிச்சாத்தான் போகும். நீங்க வளக்கறதுதான் எல்லார் தோட்டத்துக்கும் போகுதுன்னு பேசிக்கறாங்க."

"பேசட்டும்."

சம்பங்கி நோட்டை மூடினார்.

"பதினஞ்சு நாள் தர்றேன். அதுக்குள்ள ஒரு பேன் கூட இருக்கக்கூடாது. இருந்தா நானே மருந்தோட வருவேன். மூணு குடிலுக்கும் அடிச்சாகணும். இல்லேன்னா இந்த வாசல்ல வண்டி நிக்காது."

"வண்டி நிக்கலேன்னா பஸ் நிக்கும் சார்."

அவர் அதைக் காதில் வாங்காததுபோல் திம்மராயன் பக்கம் திரும்பினார். இருவருக்கும் பழைய பழக்கம். கடையில் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டவர்கள்.

"அடிக்க ஆள் தேட வேண்டியதில்ல. இந்த வட்டாரத்துலேயே நல்ல கை உங்ககிட்டதான் இருக்கு. என்ன திம்மராயா, மறந்துடலயே?"

திம்மராயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜீப் போன பிறகும் அங்கேயே நின்றார்.

"மூணாவது குடிலுக்கு அடிச்சா வேட்டைப் பேன் என்னாகும் மேடம்?"

"செத்துடும்."

"எல்லாமா?"

"அதுதான் முதல்ல சாகும். இலையைத் தின்றது கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினது பெருகும்."

"அதை நான் என் கையால செய்யணும்."

நாகவேணி குழாயைத் திறந்து வாளியை நிரப்பினார்.

அதன்பின் திம்மராயனுக்குத் தூக்கம் சரியில்லை. மூன்று நாள் குரு சொன்ன வரிசையில் போனார். நான்காவது நாள் அவரால் முடியவில்லை. விடிந்ததும், நாகவேணி அறைக்கதவைத் திறக்கும் முன்பே, இரண்டாவது குடிலுக்குள் நுழைந்தார். வேலை எதுவும் செய்யவில்லை. பார்க்கத்தான் போனார். இங்கே ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். தோளில் கிடந்த நீலத் துண்டால் லென்ஸைத் துடைத்துக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் வெளியே வந்து, முதல் குடிலிலிருந்து ஒழுங்காக வேலையைத் தொடங்கினார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

அன்று சாயங்காலம் நாகவேணி அவருக்கு ஒரு புது வெள்ளைத் துண்டு கொடுத்தார்.

"நாளையிலேர்ந்து இதைப் போட்டுக்கோங்க அண்ணா."

"பொன்னாடையா மேடம்?"

"அப்படியே வெச்சுக்கோங்க."

மறுநாள் முற்பகல் முதல் குடிலில் திம்மராயன் கத்தும் சத்தம் கேட்டது. நாகவேணி போய்ப் பார்த்தார். நடைபாதையை ஒட்டிய செடிகளில் வெளிறிய புள்ளிகள்.

"இங்கயும் வந்துடுச்சு மேடம்! நேத்து வரைக்கும் இல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரன் மருந்து அடிச்சு இங்க விரட்டி விடறான். வலையில ஓட்டை இருக்கும். காத்துல வருது. நான் இன்னிக்கே மூணு குடில் வலையும் தடவிப் பாக்கறேன். ஓட்டை இருக்கற இடமெல்லாம் தைக்கறேன்."

"தைங்க."

ஊசியும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வலை தைத்தார். ஏழு ஓட்டைகள் இருந்தன. ஏழையும் அடைத்தார். வியர்க்க வியர்க்க வந்து, பூ கட்டும் மேசையருகே நின்றார்.

"அடைச்சாச்சு மேடம். இனிமே எவன் வர்றான்னு பாக்கறேன்."

"துண்டைக் கொடுங்க."

முகம் துடைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தார். நாகவேணி துண்டை மேசைமேல் விரித்தார். நான்கு ஓரத்தையும் இழுத்து நேராக்கினார். லென்ஸை அதன் நடுவில் வைத்தார்.

திம்மராயன் லென்ஸைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். குனிந்தார்.

முதுகில் இரண்டு பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. துண்டின் கரையோரம் வரிசையாக நான்கு. எல்லாம் மெதுவாக நகர்ந்தன.

"காத்துல வந்திருக்கும்" என்றார் அவர்.

நாகவேணி துண்டின் கரையை விரலால் காட்டினார்.

"வலை தைக்கும்போது விழுந்திருக்கும்."



"காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க அண்ணா?" என்றார் நாகவேணி.

திம்மராயன் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"ஆமா, போனேன். பாக்கத்தான் போனேன். ஒரு வேலையும் செய்யல. என் குடில். நீங்கதான் கொடுத்தீங்க. அது சாகக் கிடக்கும்போது நான் நல்லா இருக்கற செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கணுமா? நோயாளியைத்தானே முதல்ல பாக்கணும்? ஆஸ்பத்திரில டாக்டர் யாரை முதல்ல பாக்கறார்?"

"டாக்டர் கை கழுவறார்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கீங்க. இருபத்தாறு வருஷம் நான் பாக்காத பேனா? நீங்க சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தேன். என் வயசுக்கு இது தேவையா? இத்தனை தெரிஞ்ச உங்களுக்கு அந்த நாலாவது குடில் ஏன் எரிஞ்சுது? அதைச் சொல்லுங்க. யாரும் கேட்டுப் பதில் கிடைக்கல. நான் கேக்கறேன்."

மேட்டின் ஓரத்தில் இரும்புக் கால்கள் வெயிலில் நின்றன. நாகவேணி அவற்றைப் பார்த்தார்.

"அதுலதான் முதல்ல பேன் விழுந்துச்சு. நான் தினமும் காலையில முதல்ல அங்கதான் போவேன்."

திம்மராயனும் அந்தக் கால்களைப் பார்த்தார்.

"நாலு குடிலும் போச்சு. நான் கொண்டுபோன வரிசையிலேயே போச்சு. மூணைத்தான் மீட்க முடிஞ்சுது."

அவர் துண்டை நான்காக மடித்து, கொதிக்கிற தண்ணீர் வாளியில் போட்டார்.

"நாளைக்கும் ரெண்டாவது குடிலுக்குப் போங்க அண்ணா. கடைசியா போங்க."

மறுநாளிலிருந்து திம்மராயன் கடைசியாகப் போனார். அது சுலபமாக இல்லை. முதல் குடிலில் வேலை செய்யும்போது கழுத்து தானாக இரண்டாவதன் பக்கம் திரும்பும். தன்னையே திட்டிக்கொள்வார். ஒருநாள் வாசல் வரை போய், கதவைப் பிடித்து, கையை உதறிவிட்டுத் திரும்பி வந்தார். குரு பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்தாலும் கேட்கவில்லை.

முதல் குடிலில் புள்ளி விழுந்த செடிகளை இருவரும் அன்றே கிள்ளிக் களைந்தார்கள். மூன்றாவது குடிலின் இலைகள் இரண்டு குடிலுக்கும் போயின. கிள்ளி எடுத்த இலைகள் பை பையாக வெயிலில் வெந்தன. பதினோராவது நாள் இரண்டாவது குடிலில் நடுக்குருத்துகள் சுத்தமாக வந்தன. அடியிலைகளில் மட்டும் பழைய புள்ளிகள். வெள்ளைத்தாளில் தட்டினால் மெதுவாக நகர்பவை நான்கைந்துதான் விழுந்தன. ஓடுகிறவை அவற்றைவிட அதிகம் இருந்தன.

திம்மராயன் அவற்றோடு பேசத் தொடங்கியிருந்தார்.

"ஓடு ராஜா, ஓடு. அந்த மூலையில ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான் பாரு."

பதினைந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு சம்பங்கி வந்தார். இந்த முறை ஜீப் இல்லை, வேன். பின்பக்கம் தெளிப்பானும் மருந்து டப்பாக்களும் இருந்தன. அதே கரும்பச்சை சட்டை.

"விடிஞ்சதுலேர்ந்து ஓட்டம். ஒரு தோட்டம் விடல. எங்க பாத்தாலும் பேன். மூணாவது ரவுண்டு அடிச்சும் அடங்கல" என்றபடி இறங்கினார். "வாங்க, உங்களுதைப் பாப்போம்."

நாகவேணி வாசலில் கோட்டை நீட்டினார். அவர் அதை ஒதுக்கிவிட்டு நடந்தார். நாகவேணி குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க போக வேண்டாம் சார். இலையை நான் கொண்டு வர்றேன்."

"என்னை உள்ள விடமாட்டீங்களா?"

"மாட்டேன்."

சங்கச் செயலாளரை ஒரு வாசலில் நிறுத்தியது அதுவே முதல் முறை.  நாகவேணி இரண்டாவது குடிலுக்குள் போய், அவர் கண்ணெதிரிலேயே வாசல் பாத்தியில் இரண்டும் நடுவில் இரண்டும் கடைசியில் இரண்டுமாக இலை பறித்து வந்தார். மேசையில் தாளை விரித்துத் தட்டினார்.

சம்பங்கி குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகத்தில் வெற்றி இருந்தது.

"இருக்கே!"

"இருக்கும்."

"ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"ஒண்ணுகூட இல்லேன்னா வேட்டைப் பேன் பட்டினியில செத்துடும் சார். அடுத்த வாட்டி வர்றதைத் தின்ன ஆள் இருக்காது."

"இந்தக் கதையெல்லாம் வேண்டாம்மா. பேச்சுன்னா பேச்சு." அவர் வேனின் பின்கதவைத் திறந்து தெளிப்பானை இறக்கித் தரையில் வைத்தார். "திம்மராயா, எடு. மூணாவது குடில்லேர்ந்து ஆரம்பி. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்."

திம்மராயன் தெளிப்பானைப் பார்த்தார். அதே மாடல். வலது பக்கம் நெம்புகோல், இடது பக்கம் தோல்பட்டை. உள்ளே மருந்து எவ்வளவு என்பதைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன.

குருவைப் பார்த்தார். நாகவேணி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கறேன் சார்" என்றார் திம்மராயன். "ஒரு நிமிஷம்."

அவர் அறைக்குள் போனார். துவைத்துக் காய வைத்த வெள்ளைத் துண்டோடு வந்தார். மேசையில் இருந்த தாளை எடுத்துவிட்டுத் துண்டை விரித்தார். நான்கு ஓரத்தையும் இழுத்து நேராக்கினார்.

"இங்க வந்து நில்லுங்க சார். இப்படி. கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க சார். பழைய ஆள் கேக்கறேன்."

சம்பங்கி கையை நீட்டினார். திம்மராயன் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்துத் துண்டின்மேல் உதறினார். தோளைத் தட்டினார். சட்டைப் பையின் மூடியைத் திருப்பி உதறினார். பிறகு லென்ஸை அவரிடம் கொடுத்தார்.

"பாருங்க."

சம்பங்கி பார்த்தார். வேனுக்குள் டிரைவர் ரேடியோவை நிறுத்தினார். 

அவர் லென்ஸை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"காத்துல வந்திருக்கும்" என்றார்.

"நானும் அதையேதான் சொன்னேன் சார்."

"என்ன சொல்ற நீ?"

"போன மாசம் மூணு தோட்டத்துல இருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் பதினாலுலயும். ஒரு தோட்டம் விடாம நீங்கதான் போனீங்க. பேனுக்கு இறக்கை இல்ல சார். எங்க வாசலுக்கும் அப்படித்தான் வந்துச்சு. போன மாசம் மேடம் ஊர்ல இல்ல. நான்தான் ரெண்டாவது குடில் கதவைத் திறந்து விட்டேன். செயலாளர் வந்திருக்காரேன்னு டீ வேற போட்டுக் கொடுத்தேன்."

"திம்மராயா, யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சு பேசு."

"தெரிஞ்சுதான் பேசறேன். மூணு ரவுண்டு அடிச்சுட்டீங்க. அத்தனை மருந்துலயும் சாகாதது இதுங்க. உங்க தோள்ல உக்காந்து ஊர் சுத்துது. அதை விட்டுட்டு, எங்க மூணாவது குடில்ல ஓடிக்கிட்டு இருக்கறதைக் கொல்லச் சொல்றீங்க. மாட்டேன். இந்தத் தெளிப்பானை நான் தொடமாட்டேன். வேற ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தாலும் இந்தக் கதவைத் தாண்டவிட மாட்டேன்."

"நாளைக்கு வண்டி நிக்காது."

"பஸ் நிக்கும் சார். ஏழே காலுக்கு ஒண்ணு. ஒன்பதுக்கு ஒண்ணு. நான் தலையில தூக்கிட்டுப் போய் ஏத்துவேன்."

சம்பங்கி நாகவேணியைப் பார்த்தார், அவராவது சமாதானம் பேசுவார் என்பதுபோல்.

"ஒன்பது மணி வண்டியில இடம் இருக்கும்" என்றார் நாகவேணி.

திம்மராயன் தெளிப்பானைக் காலால்கூடத் தொடவில்லை. டிரைவர்தான் இறங்கி வந்து அதைத் தூக்கி வேனில் வைத்தார். சம்பங்கி முன்சீட்டில் ஏறினார். கதவைச் சாத்தும் முன் சட்டையின் தோளை ஒருமுறை தானே தட்டிவிட்டுக்கொண்டார்.

"அடுத்த மாசம் வருவீங்கல்ல சார்?" என்றார் திம்மராயன் உரக்க. "குளிச்சுட்டு, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு, முதல்ல எங்ககிட்ட வாங்க. மத்த பதினாலும் அப்புறம். கோட்டு தயாரா இருக்கும்."

வேன் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. மறுநாள் குளிர்வண்டி நிற்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

 இருபத்தாறு வருடத்தில் திம்மராயன் ஒரு அதிகாரியிடமும் இப்படிப் பேசியதில்லை. சிரித்தார். தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். கால் தானாக மூன்றாவது குடிலை நோக்கி நடந்தது. தான் காப்பாற்றியதை உடனே கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

வாசலில் நாகவேணி நின்றிருந்தார்.

"பாத்தீங்களா மேடம் அவர் மூஞ்சியை?"

"பாத்தேன்."

"காத்துல வந்துச்சாம்!"

"ம்."

"நான் சொன்னதுல ஏதாவது தப்பு இருந்துச்சா?"

"இல்ல."

"ஒரு வார்த்தை கூட?"

"ஒரு வார்த்தை கூட இல்ல."

"அப்ப இனிமேலாவது ஒத்துக்கறீங்களா, நான் கத்துக்கிட்டேன்னு?"

அவர் கதவை நோக்கிக் கையை நீட்டினார். நாகவேணி வழிவிடவில்லை.

"அவர் சட்டையை எந்தக் கையால உதறினீங்க அண்ணா?"

நீட்டிய கை பாதியில் நின்றது. திம்மராயன் அதைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போனார்.